முன்னோர் விட்டுச் சென்ற அமானத்

எல்லாம் வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவன் திருத்தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் கூறி ஆரம்பிக்கிறோம்.



நாம் வியாபாரிகள். ஆகவே வியாபாரிக்குத் தெரிந்த பாஷையிலேயே இன்றைய விஷயத்தைத் துவக்குவோம். தகப்பனார் வபாத்தாகிக் கடைச்சாவி மகன் கைக்கு வருகிறது. அவன் என்ன செய்கிறான்? பேரேட்டைப் பிரித்து, முதல் எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு என்று பார்க்கிறான். பிறகு அலமாரியைப் பார்க்கிறான். தகப்பனார் காலத்தில் விற்ற சரக்கில் எது இன்றைக்கும் போகும், எது தேங்கும் என்று யோசிக்கிறான். தேங்கும் சரக்கை மாற்றுகிறான், முதலின்மேல் கைவைப்பதில்லை. முதலைத் தின்றவனும் கடையை மூடுவான். சரக்கை மாற்றாதவனும் கடையை மூடுவான். இரண்டுக்கும் நடுவே நடக்கத் தெரிந்தவனே வியாபாரி.

கடை விஷயத்தில் நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிகிற நியாயம், முன்னோர் நம் கையில் விட்டுச்சென்ற பள்ளிவாசல், மத்ரஸா, தர்கா ஆகிய தர்ம ஸ்தாபனங்கள் விஷயத்தில் மட்டும் ஏனோ மறந்து போகிறது. அந்த மறதியைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம்.

தெலுக் ஆயர் தெருவிலே

சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெரு வழியாக நடந்து போகிறவர்கள் நாகூர் தர்காவைப் பார்த்திருப்பார்கள். வெள்ளையடித்த சிறிய கட்டடம். கீழே மேல்நாட்டுப் பாணியில் தூண்களும் பெரிய வளைவுகளும். மேலே சின்னஞ்சிறு மாடங்களோடு ஓர் அரண்மனையின் முகப்பைச் சுருக்கி வைத்தாற்போன்ற வேலைப்பாடு. மூலைகளில் அடுக்கடுக்காய் எழும் மினாராக்கள். நாகூரில் ஐந்து மினாராக்களோடு நிற்கும் பெரிய தர்காவை மனத்தில் வைத்துக்கொண்டு, கடல் கடந்து வந்தவர்கள் இங்கே எழுப்பிய நினைவுக் கட்டடம் இது.

இதற்கான நிலம் 1827-ஆம் ஆண்டில் காதர்பிள்ளை என்பவருக்கு அரசாங்கத்தால் வழங்கப்பட்டது. அப்போது ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தது: மரத்தாலும் அத்தாப்பாலும் அங்கே கட்டடம் எழுப்பக் கூடாது. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் கொடி ஏறி எட்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம். குடிசை போட்டுக்கொள்வதற்கே கையில் காசில்லாத நாளிலே, செங்கல்லும் சுண்ணாம்பும் வாங்கி, 1828-க்கும் 1830-க்கும் இடையில் அதைக் கட்டி முடித்தார்கள்.

இன்று அந்தத் தெருவில் நின்றால் கடல் தெரியாது. கண்ணுக்கெட்டிய மட்டும் உயர்ந்த கட்டடங்களே நிற்கின்றன. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் வரையில், அந்தத் தெருதான் கடற்கரை. படகிலிருந்து இறங்கியவன் சில அடி வைத்தால் தர்காவின் வாசல். நாகப்பட்டினத்திலும் நாகூரிலும் காரைக்காலிலும் கப்பலேறி, வங்கக் கடலின் அலைகளைத் தாண்டி, உயிரோடு கரை சேர்ந்தோமே என்று அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்த நின்ற இடம் அது. ஊர்க்காரன் ஊர்க்காரனைத் தேடிக் கண்டுபிடித்த இடமும் அதுவே. அந்தக் கட்டடத்தின் முதல் உபயோகம், வந்து இறங்கியவனுக்குத் தைரியம் கொடுப்பது என்று சொன்னால் தவறாகாது.

பிறகு காலம் மாறியது. கடல் விலகிப் போயிற்று. கப்பல் போய் ஆகாய விமானம் வந்தது. தெருவில் குடியிருந்தவர்கள் தூரத்து அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். 1974-ஆம் ஆண்டு அரசாங்கம் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்துச் சட்டத்தின் காவலைக் கொடுத்தது. ஆனால் சட்டம் கட்டடத்தை இடிக்காமல் காக்குமே தவிர, உள்ளே ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்காது. மழையும் வெயிலும் தம் வேலையைச் செய்தன. இறுதியில் 2007-ஆம் ஆண்டு பெரிய மராமத்து ஆரம்பமாயிற்று. 2011-ஆம் ஆண்டு, இந்திய முஸ்லிம்களின் சரித்திரத்தை எடுத்துக்காட்டும் பாரம்பரிய நிலையமாக அது மீண்டும் திறக்கப்பட்டது.

இந்த மாற்றத்தைப் பற்றி நம் கடைவாசல்களிலும் கல்யாண விருந்துகளிலும் பலவிதமான அபிப்பிராயங்களைக் கேட்டிருக்கிறோம். துஆ ஓதிய இடத்தைக் கண்காட்சியாக்கலாமா என்றார் ஒருவர். பழையது பழையதாகவே கிடக்கட்டும், யாரும் தொட வேண்டாம் என்றார் இன்னொருவர். நகரத்தின் நடுவே இத்தனை விலையுள்ள இடத்தில் நாலு மாடி எழுப்பி வாடகைக்கு விட்டால் சமூகத்துக்கு எவ்வளவு வருமானம் என்று கணக்குப் போட்டார் வேறொருவர். மூவருமே சமூகத்தின்மேல் அக்கறை உள்ளவர்கள்தாம். ஆகவே மூவரையும் ஒதுக்காமல், மார்க்கம் இதைப் பற்றி என்ன வழி காட்டுகிறது என்று பார்ப்போம்.

முதலும் பலனும்

கைபரில் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்கு ஒரு நிலம் கிடைத்தது. தம் வாழ்நாளில் அதைவிட மதிப்பான சொத்து தமக்குக் கிடைத்ததில்லை என்று எண்ணிய அவர்கள், அதை என்ன செய்வது என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து ஆலோசனை கேட்டார்கள். விரும்பினால் அதன் மூலத்தை நிறுத்திவைத்து, அதிலிருந்து வருவதைத் தர்மம் செய்துவிடலாம் என்பது நாயகம் அவர்கள் காட்டிய வழி. அவ்வாறே அந்த நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகக் கொடுக்கப்படாது, வாரிசுக்குப் போகாது என்று நிர்ணயமாயிற்று. அதன் விளைச்சல் ஏழைகளுக்கும், உறவினருக்கும், அடிமைகளை மீட்பதற்கும், வழிப்போக்கருக்கும், விருந்தாளிகளுக்கும் என்று பங்கிடப்பட்டது. அதை நிர்வகிப்பவர் நியாயமான அளவு அதிலிருந்து உண்ணலாம். ஆனால் அதைக்கொண்டு தமக்குச் சொத்துச் சேர்க்கக் கூடாது.

சகோதரர்களே, வக்பு என்ற பெரிய ஸ்தாபனத்தின் அஸ்திவாரம் இதுதான். கவனித்துப் பாருங்கள்: இதில் இரண்டு கட்டளைகள் சேர்ந்தே இருக்கின்றன. மூலம் நிற்க வேண்டும் என்பது ஒன்று. பலன் ஓட வேண்டும் என்பது மற்றொன்று. நிலத்தைக் காத்துக்கொண்டு, விளைச்சலை மரத்திலேயே அழுக விட்டால் அது வக்பு ஆகாது. விளைச்சலைப் பெருக்குகிறேன் என்று நிலத்தையே விற்றுவிட்டாலும் அது வக்பு ஆகாது.

இந்தத் தராசில் அந்த மூன்று நண்பர்களின் வார்த்தையையும் வைத்துப் பாருங்கள். இடித்துவிட்டு மாடி எழுப்பலாம் என்பவர் பலனைப் பார்க்கிறார், மூலத்தை மறக்கிறார். யாரும் தொடவேண்டாம் என்பவர் மூலத்தைப் பார்க்கிறார், பலனை மறக்கிறார். பூட்டிக் கிடக்கும் தர்மக் கட்டடம், அழுகிக் கிடக்கும் பேரீச்சம் பழத்துக்குச் சமானம். மூன்றாமவர், துஆ ஓதிய இடத்தைக் கண்காட்சியாக்கலாமா என்று கேட்டவர், மிகச் சரியான கேள்வியைத்தான் கேட்டார். அவருக்குரிய பதில் சற்று விரிவானது.

அழுத பேரீச்சங் கட்டை

மதீனத்துப் பள்ளியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கட்டியபோது சுவர் பச்சைச் செங்கல். தூண் பேரீச்ச மரம். கூரை பேரீச்ச ஓலை. அபூபக்கர் (ரலி) அவர்கள் காலத்தில் அது அப்படியே இருந்தது. உமர் (ரலி) அவர்கள் காலத்தில் ஜனங்கள் பெருகவே பள்ளியை அகலப்படுத்தினார்கள்; ஆனால் அதே செங்கல்லையும் ஓலையையுமே கொண்டு கட்டினார்கள். ஜனங்களை மழையிலிருந்து காப்பதே வேலை, சிவப்பும் மஞ்சளும் பூசி அவர்கள் கவனத்தைக் கலைக்காதே என்று கட்டுகிறவரை எச்சரித்தார்கள். உதுமான் (ரலி) அவர்கள் காலத்திலோ செதுக்கிய கல்லும் காரையும் வந்தன. கூரைக்குத் தேக்கு மரம் வந்தது. பொருள் மாறிற்று, அளவு மாறிற்று. பள்ளி மாறவில்லை.

அந்தப் பள்ளி தொழுகைக்கு மட்டுமா இருந்தது? அதன் ஓரத்துத் திண்ணையில் வீடு வாசலற்ற தோழர்கள் தங்கிக் கல்வி கற்றார்கள். வெளியூர்த் தூதுக் கோஷ்டியார் அங்கேதான் வரவேற்கப்பட்டார்கள். ஆகவே, மார்க்கத்துக்குரிய ஒரு கட்டடத்தில் கல்வியும் சரித்திரமும் விருந்தோம்பலும் நடந்தால் அதன் கண்ணியம் குறைந்துவிடும் என்பது சரியாகாது. பாட்டனார் எதற்காகக் கடல் கடந்தார், எப்படிப் பிழைத்தார், எந்த ஈமானோடு நின்றார் என்பதைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும் கல்விதான்.

இன்னொரு சம்பவமும் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் ஆரம்பத்தில் ஒரு பேரீச்சங் கட்டையில் சாய்ந்தபடி குத்பா ஓதி வந்தார்கள். கூட்டம் பெருகியதும் எல்லோருக்கும் தெரியும்படி மிம்பர் செய்து கொடுக்கப்பட்டது. நாயகம் அவர்கள் மிம்பரில் ஏறிய அன்று அந்தப் பழைய கட்டை, பிரிவு தாங்காமல் அழுத சப்தத்தை ஸஹாபாக்கள் கேட்டார்கள். நாயகம் அவர்கள் என்ன செய்தார்கள்? அழுகிறதே என்று மிம்பரைத் திருப்பி அனுப்பிவிடவில்லை. கட்டைதானே என்று அலட்சியமும் செய்யவில்லை. இறங்கி வந்து, அதைத் தொட்டு அணைத்து, அது அமைதி அடையும்வரை நின்றார்கள். பிறகு மிம்பரும் நிலைத்தது.

புதிய உபயோகம் வேண்டும். பழையதன்மேல் பிரியமும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நமக்குச் செய்து காட்டியிருக்கிறார்கள். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு கமிட்டியாரும் வேலை ஆரம்பிக்கு முன் இந்தச் சம்பவத்தை ஒருமுறை நினைத்துக்கொண்டால், பல சண்டைகள் பிறக்காமலே போகும்.

சுண்ணாம்பும் சிமெண்டும்

பிரியம் இருந்தால் மட்டும் போதுமா? வேலை தெரிந்திருக்கவும் வேண்டும். நல்ல எண்ணத்தோடு கெட்ட மராமத்துச் செய்து பாழான கட்டடங்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே ஒரு வார்த்தை இதைப் பற்றியும் சொல்கிறோம்.

நம் முன்னோர் காலத்துச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊறவைத்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துக் காரை போட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிங்கப்பூரில் 1861-இல் முடிந்த புனித ஆண்ட்ரூ தேவாலயத்திலும் முட்டை வெள்ளையும் கருப்பட்டிச் சர்க்கரையும் கலந்த மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சுத்தான் பூசப்பட்டது. இப்படிப்பட்ட சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தை வாங்கும். வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். கடலைத் தூர்த்த பக்கத்துத் தெருவில், மழைக்குக் குறைவில்லாத ஊரில், இந்தக் குணம் மிகவும் அவசியம்.

பின்னால் வந்தவர்கள், கெட்டியாக இருக்கட்டும் என்று அதன்மேல் சிமெண்டைப் பூசினார்கள். சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, பூச்சுக்குப் பின்னால் உப்பாகப் பூத்து, செங்கல்லையே பொடியாக்கும். வெளியே பார்த்தால் சுவர் பளபளவென்று இருக்கும். உள்ளே அரித்துக்கொண்டே போகும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் புதுப்பிக்கும்போது சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, மறுபடியும் சுண்ணாம்பையே பூசுகிறார்கள்.

மனிதர்களிலும் இதைப் பார்க்கலாம். வெளிப்பூச்சு கெட்டியாக இருந்தும் உள்ளே ஈரம் அடைபட்டுக் கிடக்கிற இருதயங்கள் உண்டு. ஒரு சமூகமும் அப்படித்தான். உள்ளே இருக்கிற குறையை வெளியே சொல்ல வழி இல்லாவிட்டால், பளபளப்பான பூச்சுக்குப் பின்னால் அது பொடியாகிக்கொண்டே போகும். ஜமாஅத்துக் கூட்டத்தில் கேள்வி கேட்பவனை வாயடைத்துவிடாதீர்கள். அவன் மூச்சு விடட்டும், சுவர் நிற்கும்.

வாசலும் கிப்லாவும்

சௌத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கும் ஜாமிஆ சூலியா பள்ளியைப் பெரிய பள்ளி என்று நம்மவர்கள் அழைப்பார்கள். 1826-ஆம் ஆண்டில் அன்சர் சாஹிபு அவர்களின் முயற்சியில் ஏற்பட்டது. இப்போதுள்ள கட்டடம் 1830-களில் முடிந்தது. தெலுக் ஆயர் தெருவில் அல் அப்ரார் பள்ளி இருக்கிறது. 1827-இல் வெறும் கூரைக் குடிலாக இருந்ததால் அதற்குக் குச்சுப் பள்ளி என்று பெயர். 1850-க்கும் 1855-க்கும் இடையில் அது செங்கல் கட்டடமாயிற்று. 1980-களின் பின்பாதியில் மீண்டும் பெரிய மராமத்துக் கண்டது. குடில் போயிற்று, பள்ளி நிற்கிறது, பெயரில் மட்டும் அந்தக் குச்சு இன்னும் இருந்துகொண்டு, நாம் எங்கிருந்து வந்தோம் என்று ஞாபகப்படுத்துகிறது.

பெரிய பள்ளிக்குப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். அதன் நுழைவாசல் தெருவுக்கு நேராக நிற்கிறது. ஆனால் உள்ளே தொழுகைக் கூடம் தெருவுக்குக் கோணலாகத் திரும்பி, கிப்லாவுக்கு நேராக நிற்கிறது. பட்டணத்துச் சாலைக்கு ஒத்தாற்போல் வாசலை வைத்தார்கள். சாலைக்காகக் கிப்லாவைத் திருப்பவில்லை.

பழைய கட்டடத்தில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா? வாசல் காலத்தைப் பார்க்க வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் முதியவருக்குச் சாய்தளம் வேண்டும். பெண்களுக்குக் கண்ணியமான தனி இடம் வேண்டும். மின்சாரக் கம்பிகள் சுவரைப் புண்ணாக்காமல், தீ விபத்துக்கும் இடமின்றிச் செல்ல வேண்டும். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும், நம் மார்க்கத்தைச் சேராத விருந்தாளிக்கும் விளங்கும் பாஷையில் விளக்கம் எழுதியிருக்க வேண்டும். இவையெல்லாம் வாசல். தர்மம் செய்தவர் எந்த நிய்யத்தோடு கொடுத்தாரோ அந்த நிய்யத்து, ஹலால் ஹராம் என்ற வரம்பு, இடத்துக்குரிய அடக்கம், இவையெல்லாம் கிப்லா.

தர்கா என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் இருவித அபிப்பிராயம் எழுவதை நாம் அறியாமல் இல்லை. அந்த விவாதத்தை இங்கே கிளப்புவது நம் நோக்கமன்று. ஒன்றை மட்டும் சொல்வோம். ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்கள் அடக்கமாகியிருப்பது நாகூரில். தெலுக் ஆயர் தெருவில் இருப்பது அவர்கள் ஞாபகார்த்தமான கட்டடம். ஒருவர் அதை வலியாரின் நினைவிடமாகப் பார்க்கலாம். இன்னொருவர் தம் பாட்டனார் கரையேறிய சரித்திரமாக மட்டும் பார்க்கலாம். சரித்திரத்தைச் சொல்லும் நிலையமாக அது திறந்திருந்தால் இருவரும் ஒரே வாசலில் நுழைந்து ஸலாம் சொல்லிக்கொள்ள முடியும். பூட்டிக் கிடந்தால் இருவரும் வெளியேதான்.

கஃபாவை இப்ராஹீம் (அலை) அவர்கள் போட்ட அஸ்திவாரத்தின்படி திருப்பிக் கட்ட நாயகம் (ஸல்) அவர்களுக்கு விருப்பம் இருந்தது. ஆனால் ஜனங்கள் இஸ்லாத்துக்குப் புதியவர்களாய் இருக்கிறார்கள், அவர்கள் மனம் கலங்கிவிடும் என்று விட்டுவிட்டதாக ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். சரியான மாற்றமானாலும், ஜனங்களின் மனத்தைக் கூட்டிக்கொண்டு போகாமல் செய்யக் கூடாது என்பதற்கு இது பெரிய பாடம். திட்டத்தைக் கமிட்டி அறையில் போட்டுவிட்டுச் சாரம் கட்டிய பிறகு ஊருக்குச் சொல்லும் வழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

ஹலாலான பணம், ஒரே துணி

நாயகம் (ஸல்) அவர்களுக்கு 35 வயதானபோது, நபித்துவம் வருமுன், குறைஷிகள் கஃபாவைப் புதுப்பித்தார்கள். விக்கிரக ஆராதனையில் இருந்த அவர்களே, இந்த வீட்டுக்கு ஹலாலான சம்பாத்தியத்தைத் தவிர வேறு காசு சேரக் கூடாது, வட்டிக் காசும் அநியாயமாகப் பறித்த காசும் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அப்படிப்பட்ட பணம் போதவில்லை. அதனால் ஒரு பகுதியைக் கட்டடத்துக்கு வெளியே விட்டுவிட்டுச் சிறியதாகவே கட்டினார்கள். அதுதான் ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கண்ட ஹிஜ்ரு இஸ்மாயீல். அவர்கள் கட்டடத்தைச் சுருக்கினார்கள். பணத்தின் சுத்தத்தைச் சுருக்கவில்லை. நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு யாராவது நம் கடைக்கு வரும்போது, எவ்வளவு எழுதலாம் என்று யோசிக்குமுன், எந்தக் கல்லாவிலிருந்து எடுக்கிறோம் என்று யோசிப்போமாக.

அதே வேலையில் ஹஜருல் அஸ்வத் கல்லை அதன் இடத்தில் வைக்கும் நேரம் வந்தது. எந்தக் கோத்திரத்துக்கு அந்தப் பெருமை என்று வாளை உருவும் அளவுக்குச் சண்டை முற்றியது. நாயகம் அவர்கள் ஒரு துணியை விரித்துக் கல்லை அதன் நடுவில் வைத்து, ஒவ்வொரு கோத்திரத் தலைவரும் அதன் ஓரத்தைப் பிடித்துத் தூக்கச் செய்து, பிறகு தம் கையால் கல்லை அதன் இடத்தில் வைத்தார்கள். சண்டை ஓய்ந்தது.

நம் ஊர்ச் சங்கங்கள் எத்தனை! கடையநல்லூர், தென்காசி, நாகூர், கூத்தாநல்லூர், கீழக்கரை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோத்திரம் போல. ஊர்ப்பற்று நல்லதுதான். ஆனால் சலவைக்கல்லில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று தொடங்கினால் கல் அதன் இடத்துக்குப் போகாது. அந்தத் துணியை விரிக்க நம்மில் ஒருவர் வேண்டும். ஓரத்தைப் பிடிக்க எல்லோரும் வேண்டும். தர்மத்தை வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல் கொடுப்பவனுக்கு உள்ள அந்தஸ்தை அறிந்த சமூகம் நாம். அப்படியிருக்கப் பெயர்ப் பலகையின் நீளத்தை முழம் போட்டு அளக்கலாமா?

நம்மேல் உள்ள கடன்

இதுவரை மற்றவர்களுக்குச் சொன்னோம். இனி நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டியதைச் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு வேண்டிய ஒரு கடை மூடப்பட்டது. இரண்டு தலைமுறை நடந்த கடை. சாமான்களைக் காலி செய்கிற அன்று நாமும் போயிருந்தோம். பரணிலிருந்து பழைய பேரேடுகள் இறங்கின. சிவப்புத் துணி அட்டை, தமிழ் இலக்கத்தில் எழுதிய கணக்கு. ஊரிலிருந்து வந்த கடிதக் கட்டு ஒன்றும், கப்பல் சீட்டுகள் சிலவும் அவற்றோடு இருந்தன. பிள்ளைகள் யாருக்கும் அதை வாசிக்கத் தெரியவில்லை. பழைய காகிதக்காரர் எடை போட்டு எடுத்துப் போனார். அதை நிறுத்துங்கள் என்று சொல்ல நமக்கும் வாய் இருந்தது. நாம் சொல்லவில்லை. வேலை கிடக்கிறதே என்று தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம். எந்தச் சரக்கு யாருக்குக் கடன் கொடுக்கப்பட்டது, எந்த நோன்பில் எத்தனை பேருக்குக் கஞ்சி காய்ச்சினார்கள், ஊரில் எந்தப் பெண்பிள்ளையின் கல்யாணத்துக்குப் பணம் போயிற்று என்பதெல்லாம் அந்த மூட்டையில் இருந்திருக்கும். இன்று நினைத்தாலும் நெஞ்சு சுடுகிறது.

1887-ஆம் ஆண்டில் சி. கு. மகுதூம் சாயபு அவர்கள் இதே ஊரில் ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தினார்கள். தந்தியும் அச்சும் சிரமமாயிருந்த காலத்தில், நம் சமூகத்தார் எழுதவும் வாசிக்கவும் செய்தார்கள் என்பதற்கு அது சாட்சி. காகிதத்தைக் காத்தால்தான் சாட்சி பேசும். கட்டடத்தைப் புதுப்பித்துக் கண்ணாடிப் பெட்டி வைத்துவிட்டால் போதாது. பெட்டிக்குள் வைக்க நம் வீட்டுப் பரணில் இருப்பதை நாம் இறக்கிக் கொடுக்க வேண்டும். சுவரைச் சுண்ணாம்பு காக்கும். சரித்திரத்தை யார் காப்பார்கள்?

ஆகவே சகோதரர்களே, மூன்று காரியங்களை நமக்கும் உங்களுக்கும் சேர்த்து நினைவூட்டுகிறோம்.

முதலாவது: இந்த மாதம் முடியுமுன் வீட்டிலும் கடையிலும் உள்ள பழைய பேரேடு, கடிதம், படம், கப்பல் சீட்டு, கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றை ஓரிடத்தில் சேருங்கள். இன்னாருடையது, இன்ன ஊர், இன்ன ஆண்டு என்று பின்னால் எழுதி வையுங்கள். பெரியவர்கள் ஹயாத்தாக இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். நாளைக்கு என்றால், கேட்பதற்கு அவர்கள் இருக்க வேண்டுமே!

இரண்டாவது: பெரிய மராமத்துக்குப் பணம் தருவது சுலபம், அதற்கு விழா உண்டு, மாலை உண்டு. கூரைக் குழாயில் அடைத்த இலையை எடுப்பதற்கும், கரையான் வந்ததா என்று பார்ப்பதற்கும், ஒரு ஓடு உடைந்தால் அன்றே மாற்றுவதற்கும் விழா கிடையாது. ஆனால் அந்தச் சில்லறைச் செலவைச் செய்யாததால்தான் பெரிய மராமத்து வருகிறது. மாதந்தோறும் சிறு தொகை என்று ஒதுக்குங்கள். தொடர்ந்து செய்யப்படும் சிறிய அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்ற நபிமொழியை அறிந்தவர்கள் நாம்.

மூன்றாவது: பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு தெலுக் ஆயர் தெருவில் நின்று, இதுதான் கடற்கரையாக இருந்தது, இங்கேதான் நம் முன்னோர் இறங்கினார்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பலகையில் எழுதியிருப்பதை அவர்கள் பிறகு மறந்துவிடலாம். வாப்பா சொன்னதை மறக்கமாட்டார்கள்.

மனிதன் மரித்துவிட்டால் அவனுடைய அமல்கள் நின்றுவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தர்மமும், பிறர் பயன் பெறும் கல்வியும், அவனுக்காகத் துஆச் செய்யும் நல்ல பிள்ளையும் நில்லாமல் தொடரும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்திருக்கிறார்கள். நம் முன்னோர் கட்டிவிட்டுப் போன அந்தச் சிறிய கட்டடத்தில் இம்மூன்றும் ஒன்றுசேர முடியும். கட்டடம் அவர்கள் செய்த தர்மம். அதில் நடப்பது கல்வியாகலாம். அதன் வாசலில் நின்று அவர்களுக்காகக் கையேந்தும் பிள்ளைகளாக நாம் ஆகலாம். ஆனால் உள்ளே ஆள் வராவிட்டால் மூன்றும் நின்றுபோகும். 1828-இல் செங்கல் சுமந்தவருடைய கணக்கில் இன்றைக்கும் நன்மை வரவாவதும் வராததும் நம் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. இதைவிடப் பெரிய அமானத் எது?

கியாமத்து நாளில் நம் பேரேடு பிரிக்கப்படும்போது, முதலையும் தின்று பலனையும் மறைத்தவர்கள் என்ற பெயர் நமக்கு வராமலிருக்க வேண்டும்.

எங்கள் இறைவா! முன்னோர் எங்களிடம் ஒப்படைத்ததைக் காக்கும் சக்தியையும், அதன் பலனை உன் அடியார்களுக்கு எட்டச் செய்யும் அறிவையும் எங்களுக்குக் கொடுப்பாயாக. எங்கள் சம்பாத்தியத்தைச் சுத்தமாக்கி, எங்கள் வியாபாரத்தில் பரக்கத்துச் செய்வாயாக. கடல் கடந்து வந்து இந்த மண்ணில் அடங்கிய எங்கள் பெரியோர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்கள் கப்ருகளைப் பிரகாசமாக்குவாயாக. எங்கள் பிள்ளைகளை எங்களை விடச் சிறந்தவர்களாக ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.